அத்தியாயம் 6: கடைமடையில் ஒரு பல்ப்

2017 கோடையில் புதுச்சேரிச் சாலைகளில் ஒரு கை ஜாடை அதிகமாகத் தென்பட்டது. எதிரே வருபவர் கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரிப்பார். பட்டப்பகலில் லைட் எரிகிறது, அணைத்துவிடு என்று அர்த்தம். புது வண்டிக்காரர் கட்டைவிரலால் சுவிட்சைத் தேடுவார். அந்த சுவிட்ச் வண்டியிலேயே இருக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வண்டிகளில், இன்ஜின் ஓடும் வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

வெயிலில் எரியும் விளக்கு ஓட்டுபவருக்குப் பாதை காட்டுவதில்லை. அவரைப் பிறருக்குக் காட்டுகிறது. மோட்டார் சைக்கிள் விளக்குக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சாலையை ஓட்டுபவரின் கண்ணுக்குக் கொண்டுவருவது. மற்றொன்று, ஓட்டுபவரை மற்றவர் கண்ணுக்குக் கொண்டுபோவது. விளக்கை 'பவராக்க' நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டும் எண்ணிச் செலவு செய்கிறார்கள். இரண்டாவது வேலை கெட்டுப்போவதைக் கவனிப்பதில்லை. சில நேரம் முதல் வேலையும் சேர்ந்தே கெடுகிறது.

பகல் விளக்கின் பயனை நமக்கு முன்பே சோதித்துப் பார்த்த நாடு மலேசியா. அங்கே 1992 ஜூலையில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கைப் போட்டு ஓட வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. ராடின் உமர் குழுவினரின் ஆய்வு, 'கவனிக்காததால்' நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதற்குப் பிறகு சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. அதற்கும் முன்பு, 1981-இல், அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்திருந்தது. குறுக்கே வந்த கார்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வண்டி வந்ததையே பார்க்கவில்லை.

பார்த்தாலும் போதாது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்கவும் வேண்டும். இரவில் நம் மூளை அதை எப்படிச் செய்கிறது? எதிரே வரும் காரின் இரண்டு விளக்குகளுக்கு நடுவே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். நூறு மீட்டர் தொலைவில் அந்த இடைவெளி நம் கண்ணில் முக்கால் டிகிரி அளவு. கார் நெருங்க நெருங்க இரண்டு புள்ளிகளும் விலகிக்கொண்டே போகும். விலகும் வேகத்தை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கு பதினைந்து சென்டிமீட்டர் அகலம். நூறு மீட்டரில் அது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறும் புள்ளி. அது கிட்டத்தட்ட கடைசி நொடி வரை புள்ளியாகவே நின்று, பிறகு சட்டென்று பெரிதாகும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின: இருட்டில் ஒற்றை விளக்கின் வேகத்தை மக்கள் மோசமாகக் கணிக்கிறார்கள். முகப்பு விளக்கோடு இரண்டு சிறு விளக்குகளைச் சேர்த்து முக்கோணமாக அமைத்தால் கணிப்பு மேம்படுகிறது. அதற்குத் தேவைப்பட்டது கூடுதல் வாட் அல்ல, விளக்குகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளிதான்.

ஐம்பது மீட்டர்க் கணக்கு

வில்லியனூரிலிருந்து மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போகும் சாலையில் இரவு எட்டு மணிக்கு மேல் போனவர்களுக்கு இந்தப் பகுதியின் இருட்டு தெரியும். ஊருக்குள் தெருவிளக்கு, ஊர் தாண்டினால் இருபுறமும் நெல்லும் கரும்பும். புதுச்சேரியின் கிராமங்களும் தமிழ்நாட்டின் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும் நிலம் இது. சில கிலோமீட்டருக்குள் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கண் பலமுறை மாற வேண்டியிருக்கிறது. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் பிடிக்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

அந்த இருட்டில் எதிர்ப்படுபவை எவை? அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் காயப்போட்ட நெல், அதன் விளிம்பில் அடுக்கிய கற்கள். பின்விளக்கு இல்லாமல் நிற்கும் கரும்பு டிரெய்லர். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. நடுச்சாலையில் அசைபோடும் மாடு. இவற்றில் எதுவும் தானாக ஒளிர்வதில்லை. வண்டியின் விளக்கு அவற்றின் மேல் விழுந்து, திரும்பி வந்து, கண்ணில் பட வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். தடையைக் கண்டு, அது தடை என்று புரிந்து, பிரேக்கில் கை போவதற்கு ஒன்றரை நொடி என்று வைப்போம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறையும் அளவுக்கு நல்ல பிரேக் என்றால் நிற்க இன்னும் 28 மீட்டர். ஆக 53 மீட்டர். இதே கணக்கில் 40 கி.மீ. வேகத்தில் 29 மீட்டர், 80-இல் 83 மீட்டர். சரியாகத் திருப்பி வைத்த டிம் விளக்கு, கறுத்த பொருளைக் காட்டும் தூரம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர்தான். மழை பெய்தால் அதுவும் சுருங்கும். நனைந்த தார் கண்ணாடிபோல் நடந்துகொண்டு, நம் ஒளியை நம்மிடம் திருப்பாமல் முன்னோக்கி அனுப்பிவிடுகிறது. எதிர் வண்டியின் ஒளியை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். எல்லாமே விளக்கால் வந்த சாவுகள் அல்ல. ஆனால் 53-க்கும் 50-க்கும் நடுவே இருக்கும் மூன்று மீட்டர் என்ன செய்யும் என்று யோசிக்கவைக்கும் எண்கள் இவை.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் ஷெட்டில் அந்தப் பேச்சு நடக்கும். "அண்ணே, லைட்டே தெரியல. நல்ல பவரா ஒரு பல்ப் போட்டுவிடுங்க." "போட்டுரலாம் தம்பி, நூறு வாட் இருக்கு." இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். இயற்பியல்தான் ஒத்துழைப்பதில்லை. தூரம் இரட்டிப்பானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. இரு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு ஒளி வேண்டும். சிறிய வண்டிகளில் வரும் எச்.எஸ்.1 வகை ஹாலஜன் பல்ப் 35 வாட்; டிம்மில் 525 லூமென் ஒளி தருவதாக வரையறுக்கப்பட்டது. புல்லட் போன்ற வண்டிகளின் எச்4 பல்ப் டிம்மில் 55 வாட், 1000 லூமென். ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி. ஆனால் கூடுதலாகத் தெரியும் தூரம், மற்றதெல்லாம் சரியாக இருந்தால்கூட, நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவு.

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா? அதற்கு மின்சாரம் பிறக்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

மேக்னெட்டில் பிறப்பது

மெக்கானிக்குகள் 'மேக்னெட்' என்று ஒரே சொல்லில் சொல்வது, இன்ஜினின் ஓரத்தில் சுழலும் காந்தச் சக்கரத்தையும் அதற்குள் அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளையும் சேர்த்துத்தான். சுருளைக் கடந்து காந்தம் ஓடினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை. காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வருவதால் பிறக்கும் மின்சாரமும் திசை மாறி மாறி ஓடும். அதுதான் ஏ.சி. மின்சாரம். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் டி.சி. தேவை. அதற்காக நடுவில் ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் இருக்கிறது. திசையை நேராக்குவது, வோல்ட் எல்லை மீறாமல் பிடித்துவைப்பது என்று இரண்டு வேலைகளும் அதற்கு.

ஸ்ப்ளெண்டர் போன்ற பழைய 100 சிசி வண்டிகளும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளும் முகப்பு விளக்கைப் பேட்டரியோடு இணைக்கவில்லை. சுருளிலிருந்து வரும் ஏ.சி.யையே நேராக பல்ப்புக்குக் கொடுத்தார்கள். காரணம் சிக்கனம். கிக் ஸ்டார்ட் வண்டியில் இருந்த பேட்டரி 2.5 ஆம்பியர்-மணி. 35 வாட் பல்ப் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் அது காலி.

இந்தச் சிக்கனத்தின் விலை எல்லோருக்கும் தெரிந்ததே. ரேஸ் கொடுத்தால் விளக்கு பளிச்சென்று எரியும், குறைத்தால் சிவந்து மங்கும். காந்தம் மெதுவாகச் சுழன்றால் வோல்ட் குறைவு. பள்ளத்தில் இறங்கும்போதும், ஏரிக்கரைத் திருப்பத்தில் கியரைக் குறைக்கும்போதும், வேகத்தடை முன்னால் தயங்கும்போதும், வெளிச்சம் அதிகம் வேண்டிய அந்த இடங்களிலேயே விளக்கு படுத்துவிடும். இந்த வண்டிகளின் குறையைப் பெரிய பல்ப் போட்டுத் தீர்க்க முடியாது. சிறிய வண்டியின் மேக்னெட் மொத்தமாகக் கொடுப்பதே சுமார் நூறு வாட்டைச் சுற்றித்தான். அதுவும் நல்ல வேகத்தில். சுருளால் தர முடியாததை பல்ப் கேட்டால், வோல்ட் இன்னும் சரியும்.

எல்.இ.டி. போட்டால்? அது ஏ.சி.யில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். ஹாலஜன் பல்ப்பின் இழை ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஆறிவிடுவதில்லை, அதனால் ஒளி தொடர்ச்சியாகத் தெரியும். எல்.இ.டி.க்கு அப்படிச் சூட்டைச் சேமிக்கும் குணம் கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் ஒளியும் நிற்கும். ஏ.சி.க்காகவே செய்த சுற்று உள்ளே இல்லாவிட்டால் அது சிமிட்டும், அல்லது சில வாரங்களில் கருகிவிடும்.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் செய்யும் 'டி.சி. மாற்றம்' இதற்கான வழி. சுருளின் எர்த் முனையைக் கழற்றித் தனி வயராக வெளியே எடுத்து, இரண்டு திசை மின்சாரத்தையும் பயன்படுத்தும் ஆர்.ஆர். யூனிட்டோடு சேர்த்து, விளக்கைப் பேட்டரியிலிருந்து எரியவைப்பது. தெரிந்தவர் செய்தால் பலன் உண்டு, ஐடிலிலும் விளக்கு மங்காது. ஆனால் பேட்டரி அதே சிறிய பேட்டரி என்றால், நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தாலே வரவைவிடச் செலவு கூடிவிடும்.

கடைமடை

டி.சி.யில் ஓடும் வண்டிகளிலும் 'லைட் வீக்' என்ற புகார் வருகிறது. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 13.5 வோல்ட் காட்டும். பல்ப் ஹோல்டரில் வைத்தால் 12 அல்லது 11.5. நடுவில் போனது எங்கே?

பாகூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியிலிருந்து கிளை வாய்க்கால்கள் வயலுக்குப் போகின்றன. தலைமடையில் இருக்கும் வேகம் கடைமடையில் இருக்காது. வழியில் தூர்ந்த ஒவ்வொரு இடமும் கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். பல்ப் ஒரு கடைமடை வயல். ஒரே ஒரு வித்தியாசம்: வாய்க்காலில் தண்ணீரே கசிந்து குறையும். வயரில் மின்னோட்டம் முழுதாக வந்து சேரும், அதைத் தள்ளும் வோல்ட் மட்டும்தான் குறையும்.

அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.034 ஓம். பேட்டரியில் தொடங்கி சாவி சுவிட்ச், ஹேண்டில்பார் சுவிட்ச், பல்ப், எர்த் என்று திரும்பிவர மூன்று மீட்டர் என்றால் 0.1 ஓம். வழியில் இருக்கும் கப்ளர்கள், பச்சைக் களிம்பு ஏறிய எர்த் போல்ட், தேய்ந்த சுவிட்ச் தொடுமுனை எல்லாம் சேர்த்து இன்னொரு 0.15 ஓம் என்று வைப்போம். கடலோரக் காற்றில் உப்பு உண்டு, மழைக்காலத்தில் ஈரம் உண்டு, களிம்புக்குப் பஞ்சமில்லை. 35 வாட் பல்ப் இழுக்கும் சுமார் 2.8 ஆம்பியருக்கு இந்தத் தடையில் போவது 0.7 வோல்ட். அதே வயரிங்கில் 100 வாட் பல்ப்பை மாட்டுங்கள். 8 ஆம்பியர் ஓடும், போவது 2 வோல்ட்.

இரண்டு வோல்ட்தானே என்று விட முடியாது. ஹாலஜன் இழையின் ஒளி வோல்ட்டோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்கில் மாறுகிறது. 13.2 வோல்ட்டில் முழு ஒளி என்றால், 12 வோல்ட்டில் 72 விழுக்காடு, 11.5-இல் 63. பத்தில் ஒரு பங்கு வோல்ட் போனால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் போகிறது. மறுபக்கமும் அப்படித்தான். 14.4 வோல்ட் கொடுத்தால் ஒளி மூன்றில் ஒரு பங்கு கூடும், பல்ப்பின் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆர்.ஆர். யூனிட் கெட்ட வண்டியில் பல்ப் அடிக்கடி போவது இதனால்தான்.

வெப்பக் கணக்கு இன்னும் கொடியது. தடையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்த 0.15 ஓமில் 2.8 ஆம்பியர் ஓடினால் 1.2 வாட் சூடு, கை வைத்தால் தெரியாது. 8 ஆம்பியர் ஓடினால் 9.6 வாட். அதில் பெரும்பகுதி சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன தொடுமுனையில் பிறந்தால், பிளாஸ்டிக் இளகும். ஹோல்டர் கருகி, வயரின் உறை உருகி, கடைசியில் எர்த்தில் தொட்டால் விளக்கோடு சேர்ந்து முழு வயரிங்கும் போகும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் மாட்டுபவர், காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு விடை ரிலே. அது ஒரு சிறு மின்காந்தம். சுவிட்ச் வழியாக ஓடும் 0.15 ஆம்பியர் அளவு மின்சாரம் மின்காந்தத்தை இயக்குகிறது, அது பெரிய தொடுமுனையை மூடுகிறது, பல்ப்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த குட்டை வயரில் நேராகப் போகிறது. பழைய சுவிட்ச் இப்போது கட்டளை மட்டும் தருகிறது, சுமை தூக்குவதில்லை. பல்ப்பை மாற்றாமல் ரிலே மட்டும் போட்ட டி.சி. வண்டியில் வெளிச்சம் கூடினால், அது புது வெளிச்சம் அல்ல. கம்பெனி கொடுத்ததைத்தான் வயரிங் இத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு மில்லிமீட்டர்

மின்சாரம் முழுதாக வந்துவிட்டது. இழை வெண்மையாக எரிகிறது. இனி அந்த ஒளியைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.

பழைய வகை 'டூம்', அதாவது விளக்குக் கூட்டின் உட்புறம் பரவளைய வடிவ ஆடி. அதன் குவியத்தில் ஒரு புள்ளி ஒளியை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். எச்4, எச்.எஸ்.1 பல்ப்புகளில் இரண்டு இழைகள். பிரைட் இழை குவியத்துக்கு அருகே இருக்கிறது. டிம் இழை கொஞ்சம் முன்னே தள்ளி, அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணத்தோடு இருக்கிறது. கிண்ணம் ஆடியின் கீழ்ப்பாதிக்குப் போகும் ஒளியைத் தடுக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் இழையின் இடத்தை நம்பி இருக்கிறது. குவியத் தூரம் 25 மி.மீ. உள்ள ஆடியில் ஒளிமூலம் ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தால் கற்றை 2.3 டிகிரி திரும்பும். ஐம்பது மீட்டர் தொலைவில் அது இரண்டு மீட்டர்.

இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. பல்ப்பை வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது ஊகிக்கலாம். எல்.இ.டி. நல்ல ஒளிமூலம்தான். நீல ஒளி தரும் திறனுள்ள எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசித்தான் இன்றைய வெள்ளை எல்.இ.டி. பிறக்கிறது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று ஆடியும் வில்லையும் வடிவமைத்த புதிய வண்டிகளின் விளக்குகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சிக்கல், ஹாலஜனுக்காகச் செய்த டூமில் சந்தை எல்.இ.டி.யைச் செருகுவதில். இழையின் வடிவம் மெல்லிய உருளை. எல்.இ.டி. பல்ப்பின் சில்லுகளோ ஒரு தட்டின் இரு பக்கமும் ஒட்டிய சதுரங்கள். இடமும் வடிவமும் ஒத்துப்போகாதபோது கற்றை உடைந்து, மேலே மரக்கிளையையும் எதிரே வருபவரின் முகத்தையும், கீழே முன்சக்கரத்துக்கு அருகிலுள்ள சாலையையும் வெள்ளையடிக்கிறது. ஓட்டுபவருக்குத் திருப்தி, முன்னால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அருகே பளிச்சென்று இருப்பதாலேயே கண்பாவை சுருங்கி, நாற்பது மீட்டரில் நிற்கும் டிரெய்லர் முன்பைவிட மங்கலாகிறது.

நல்ல பல்ப், நல்ல டூம் இருந்தாலும் கோணம் கெடலாம். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கற்றையின் மேல்விளிம்பு மீட்டருக்கு 1.5 செ.மீ. இறங்குகிறது என்றால் அது 60 மீட்டரில் தரையைத் தொடும். இப்போது பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, பக்கத்தில் ஒரு அரிசிச் சிப்பம். பின் ஷாக் அப்சார்பர் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்குகிறது. சக்கரங்களுக்கு இடையே ஒன்றேகால் மீட்டர் உள்ள வண்டியில் இந்த இரண்டு சென்டிமீட்டர் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாய்வு. கீழே இறங்கிய கற்றை இப்போது படுக்கையாகி, சற்றே மேல்நோக்கவும் செய்கிறது. டிம்மில் ஓட்டினாலும் எதிரே வருபவருக்கு அது பிரைட்தான். குடும்பத்தோடு போகிறவர் விளக்கைத்தான் எதிர் வண்டிக்காரர் அதிகம் திட்டுகிறார்.

எதிரே வருபவரின் கண்

கூசும்போது கண்ணுக்குள் நடப்பது என்ன? வெளியிலிருந்து வரும் வலுவான ஒளி விழிவெண்படலத்திலும் வில்லையிலும் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய ஒளித்திரையாகப் படர்கிறது. அந்தத் திரையை மீறித் தெரியும் பொருள் மட்டுமே தெரியும். கூசும் விளக்கு பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு திரை. கோணம் பாதியானால் திரையின் அடர்த்தி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எதிர் வண்டி நெருங்கும்போது சாலையின் இடது ஓரத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். வில்லை மங்கத் தொடங்கியவர்களுக்குச் சிதறல் பல மடங்கு. இரவில் எதிர் வண்டி விளக்கு பூவாக விரிந்து தெரிவது கண்புரையின் பரவலான அறிகுறி. பாகூர்ப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வரும் வழியில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. விளக்கு மாற்றும் எண்ணத்தோடு கிளம்பும் ஐம்பது வயதுக்காரர் அங்கே முதலில் இறங்குவது வீண் போகாது.

வண்டி கடந்துபோன பிறகும் கண் தெளிய சில நொடிகள் ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு நொடியும் 14 மீட்டர் குருட்டு ஓட்டம்.

இதைத் தடுக்க நாம் செய்துபார்த்த பழைய வைத்தியம், விளக்குக் கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு. போலீஸ்காரர்களே சாலையில் நிறுத்தி ஒட்டிவிட்ட காலம் உண்டு. ஆடியில் படாமல் பல்ப்பிலிருந்து நேராகத் தப்பி வரும் கொஞ்சம் ஒளியைப் பொட்டு மறைக்கும். ஆனால் கூச்சத்தின் பெரும்பங்கு ஆடியிலிருந்து தவறான கோணத்தில் வரும் ஒளி. அதைப் பொட்டு தொடுவதே இல்லை. விளக்கு மங்கிய அளவுக்குக் கூச்சமும் மங்கியது, அவ்வளவே.

இன்னொரு வைத்தியம் நிறம். 1954 வரை புதுச்சேரியை ஆண்ட பிரான்சு, 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை தன் நாட்டில் வாகனங்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கைக் கட்டாயமாக்கியிருந்தது. நீலத்தை வடிகட்டினால் கூச்சம் குறையும் என்பது நம்பிக்கை. பிற்கால ஆய்வுகள் தெளிவான அனுகூலம் எதையும் காட்டவில்லை. ஐரோப்பிய விதிகள் ஒன்றானபோது மஞ்சள் கட்டாயம் போய்விட்டது. நீலம் கலந்த வெள்ளை ஒளி கண்ணை அதிகம் உறுத்துவதாகப் பலர் உணர்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கோணம் தவறிய விளக்கை எந்த நிறமும் திருத்தாது.

இந்திய மோட்டார் வாகன விதிகள் நிறத்தையோ பொட்டையோ நம்பாமல் கோணத்தைப் பிடித்தன. விதி 106 ஒரு கற்பனைக் கண்ணை வரையறுக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். அங்கே நிற்பவர் கண் கூசாதபடி கற்றை நிரந்தரமாகத் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். வண்டியின் மூல வடிவத்தை மாற்றுவதற்கும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக விளக்கியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது.

எங்கே கை வைப்பது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் வரிசை தானே வருகிறது. முதலில் துணி, கண்ணாடியின் தூசும் பூச்சியும் போகட்டும். அடுத்து மீட்டர். இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனையிலும் பல்ப் ஹோல்டரிலும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். ஏ.சி. விளக்கானால் மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி ஹோல்டரில் மட்டும் பார்த்தால் போதும். டி.சி. வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வயரிங். எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவதும், கப்ளர் களிம்பைச் சுரண்டுவதும் முதல் சிகிச்சை. போதாவிட்டால் ரிலே. வயரை வெட்டாமல் கப்ளரில் செருகும் வகை நல்லது. உத்தரவாதம் இருக்கும் வண்டிக்கு அதுவும் சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகுதான். ஆடியின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் டூமை மாற்ற வேண்டும், மங்கிய கண்ணாடிக்கு எந்த பல்ப்பும் மருந்தல்ல.

கடைசியாகக் கோணம். சமதரையில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஏறுகிறவர்களை ஏற்றி உட்காரவையுங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, டிம் கற்றையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏழு, எட்டு சென்டிமீட்டர் கீழே விழும்படி திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஸ்குரூதான்.

விளக்கால் செய்ய முடியாத பங்கும் ஒன்று உண்டு. டிரெய்லரின் பின்புறம் ஒட்டும் ஒளிதிருப்பும் ஸ்டிக்கருக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டைகளோ இருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அதே திசைக்கு அவை திருப்பி அனுப்பும். மோட்டார் சைக்கிளில் விளக்குக்கும் கண்ணுக்கும் இடைவெளி அரை மீட்டர்தான், அதனால் திரும்பும் ஒளி கண்ணை நோக்கியே வரும். கறுத்த டிரெய்லரை ஐம்பது மீட்டரில் காட்டத் திணறும் அதே 35 வாட் விளக்கு, ஸ்டிக்கர் ஒட்டிய டிரெய்லரை இருநூறு மீட்டருக்கு அப்பாலேயே காட்டிவிடும். டிராக்டர்காரர் செய்யும் அந்தச் செலவுக்கு ஈடான மாற்றம் எதையும் மோட்டார் சைக்கிள்காரர் தன் வண்டியில் செய்ய முடியாது.

ஸ்டிக்கர் இல்லாத டிரெய்லர் ஒன்று நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முழு வோல்ட் வரும் விளக்கு அதை 50 மீட்டரில் காட்டுகிறது. 12 வோல்ட் மட்டும் வரும் விளக்கின் ஒளி 72 விழுக்காடு, அது காட்டும் தூரம் 42 மீட்டர். மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க வேண்டிய தூரம் 46 மீட்டர். முதல் வண்டி டிரெய்லருக்கு நான்கு மீட்டர் முன்னால் நின்றுவிடும். இரண்டாவது வண்டி மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் அதன்மேல் மோதும். இரண்டிலும் ஒரே பல்ப், ஒரே பிரேக், ஒரே ஓட்டுநர். வித்தியாசம் துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட். அதைத் தேய்க்க நேரமில்லாதவர், தன் விளக்கு முடியும் இடத்தைச் சாலையில் குறிவைத்து, அங்கே போய்ச் சேர நான்கு நொடியாவது ஆகும்படி ரேஸைக் குறைத்துக்கொள்ளட்டும். 42 மீட்டர் விளக்குக்கு அது மணிக்கு 38 கி.மீ.